தாம்பூலப் பையில் விதைநெல்

விதைநெல்லைத் தாம்பூலப் பையில் போட்டு ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள் என்று ஷரஃபுதீன் சொன்னபோது ஜொவிட்டா முதலில் நம்பவில்லை. வேதாரண்யத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, சாந்தோம் வீட்டில் குளித்து, ஒரு வாய் இட்லி போட்டுக்கொண்டு நேரே அடையாறு ஆபீசுக்கு வந்திருந்தாள். லாரிக்காகத் தாழ்வாரத்தில் எடுத்து வைத்திருந்த மூன்று மூட்டைகளைக் காணோம். அந்த இடத்தில் வாடிப்போன வாழைமரம் ஒன்றும் மடக்கு நாற்காலிகளும் கிடந்தன.

"மூட்டைங்க எங்க பாய்?"

ஷரஃபுதீன் அந்த ஆய்வு மையத்தின் ஜீப் டிரைவர். விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை.

"இன்னா மேடம், உங்களுக்கு யாரும் சொல்லலையா? முந்தாநேத்து செமினார் ஃபங்ஷன்ல வந்தவங்களுக்கெல்லாம் பைல போட்டுக் குடுத்துட்டாங்க. நானுதான் வண்டில ஏத்திக்கினு போனேன். இது ஜொவிட்டா மேடம் வெச்சுக்கீற விதையாச்சே சார்னு ஒருவாட்டி கேட்டுகூடப் பாத்தேன். நெல்லுதானேப்பா, எடுன்னுட்டாரு டைரக்டர் சார்."

நெல்லுதானே. அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் பன்னிரண்டு வருட உழைப்பு இருந்தது. சோறு என்பது குக்கரில் பிறக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. கடலோரத்தில் ஒரு பழைய நெல் இருந்தது. உப்புத் தண்ணீரில் நின்றாலும் சாகாது, ஆனால் விளைச்சல் என்று பெரிதாக ஒன்றும் தராது. இன்னொரு நெல் அமோகமாக விளையும், உப்பைக் கண்டால் இரண்டே வாரத்தில் கருகிவிடும். இந்த இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைப்பதுதான் ஜொவிட்டாவின் வேலை. சாயங்காலம் நெல் பூவின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, காகித உறை மாட்டி, மறுநாள் காலையில் மற்ற நெல்லின் கதிரைக் கொண்டுவந்து மேலே உதற வேண்டும். அப்படிப் பிறந்ததை உப்புத் தொட்டிகளில் நடவேண்டும். ஆயிரத்தில் பத்து பிழைக்கும். பிழைத்ததில் விளைகிறது எது, சாய்ந்துவிடாமல் நிற்கிறது எது என்று பார்த்துப் பொறுக்கி, மறுபடி நட்டு, மறுபடி பொறுக்க வேண்டும். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவன்று கூட அவள் சேற்றுக் காலோடுதான் கோயில் வாசலில் வந்து நின்றாள். அந்தப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

அந்தத் தொழிலில் பூச்சியைவிட, வெள்ளத்தைவிட, பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. அதன் பெயர் கலப்பு. வேறு நெல் ஒரு பிடி உள்ளே விழுந்துவிட்டால் போதும், அது விதை இல்லை, வெறும் நெல். அதனால்தான் அறுவடை சமயத்தில் ஜொவிட்டா களத்தைத் தானே பெருக்குவாள், சாக்கை உள்வெளியாகத் திருப்பி உதறுவாள், பிறர் கையில் முறத்தைக் கொடுக்கமாட்டாள். ஆபீசில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

டைரக்டர் ஸ்ரீரங்கன் சந்தோஷமாகவே இருந்தார். மண் வேதியியல் படித்து, நிர்வாகத்துக்கு வந்து, மயிலாப்பூரில் பெரிய மனிதராகிவிட்டவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜொவிட்டாவும் சொல்ல மாட்டாள்.

"நீ இருந்திருக்கணும் ஜொவிட்டா. உலகத்துல ஆயிரம் கோடி ஆகப்போற ஜனங்களுக்கு எப்படிச் சோறு போடறதுன்னு காலம்பரேலேர்ந்து பேச்சு. முடிவுல கையில தாம்பூலம். எல்லாரும் தேங்காய் குடுக்கறா, எவர்சில்வர் டப்பா குடுக்கறா. எங்காத்துல விசாலாக்ஷிதான் சொன்னா, உங்க ஆபீஸ் நெல்லையே ஆளுக்கு அரைக் கிலோ குடுத்தா என்னன்னு. நூத்தம்பது பை. உப்பை ஜெயிச்ச நெல்லுன்னு அட்டையில அச்சடிச்சுப் போட்டோம். பேச வந்திருந்த அந்த டச்சுக்காரருக்குக் கண்ல ஜலம் வந்துடுத்து."

"சார், அது மொத்தமும் விதை."

"தெரியும்மா. சிம்பாலிக்கா இருக்கட்டும்னுதான். கோல்ட் ரூம்ல இருக்குமே?"

"ஒரு பிடி இருக்கு. போன மார்கழி மழையில ரெண்டாவது வயல் மொத்தமா போயிடுச்சு. நீங்களும் வந்து பாத்தீங்க. மிஞ்சினது இந்த எழுபத்தஞ்சு கிலோதான். பேச்சியம்மாளுக்கு அனுப்பறதுக்காக வெளிய எடுத்து வெச்சிருந்தேன்."

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றினார். விஷயம் அப்போதுதான் உள்ளே இறங்கியது. அந்த ஒரு பிடியிலிருந்து மறுபடி பெருக்கி எழுபத்தைந்து கிலோ ஆக்கிச் சோதித்துத் தர மூன்று வருடம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். பேச்சியம்மாளால் மூன்று வருடம் காத்திருக்க முடியாது என்பதும் தெரியும்.

வேதாரண்யம் பக்கத்தில் பேச்சியம்மாளும் இன்னும் ஒன்பது பெண்களும் சேர்ந்து ஐந்து ஏக்கர் வைத்திருந்தார்கள். கடல் ஏறி வந்த வருடத்திலிருந்து அது உப்பு பூத்துக் கிடந்தது. சுற்றியிருந்த நிலமெல்லாம் ஒவ்வொன்றாக இறால் குட்டையாகிவிட்டது. குட்டையிலிருந்து கசிகிற தண்ணீர் மிச்ச நிலத்தையும் கெடுத்தது. இறால் கம்பெனிக்காரன் மூன்று தடவை வந்து குத்தகைக்குக் கேட்டுவிட்டான். ஒருதரம் குட்டை வெட்டிவிட்டால் அதில் பிறகு நெல் விளையாது, அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஐந்து ஏக்கரிலும் இந்த நெல் நின்று காட்டிவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்களும் நிலத்தைக் கொடுக்காமல் இருப்பார்கள், அடுத்த வருடம் அந்தக் கடலோரம் முழுக்கத் தரவே விதை கிடைத்துவிடும். அதற்காகத்தான் அந்தப் பெண்கள் பிடிவாதமாக இருந்தார்கள். புரட்டாசி பிறந்து ஒரு வாரம் பார்ப்போம், அதற்குமேல் முடியாது என்று பேச்சியம்மாள் நேற்று மதியம்தான் வரப்பில் நின்றுகொண்டு சொல்லியிருந்தாள். விதை தயாராக இருக்கிறது, ஏற்றுவதுதான் பாக்கி என்று ஜொவிட்டா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆயிரம் கோடி ஜனங்களுக்குச் சோறு போடுவது பற்றி மேடையில் பேசுவதெல்லாம் சரி. அது கடைசியில் இப்படி ஒரு ஐந்து ஏக்கரில் வந்துதான் நிற்கும். அங்கே விதை போய்ச் சேராவிட்டால் அத்தனை பேச்சும் காற்றில் போனதுதான்.

"திருப்பி வாங்கிடலாம்," என்றாள் ஜொவிட்டா. "நெல்லாத்தானே குடுத்தீங்க, குத்திக் குடுக்கலையே. யாரு அரிசியாக்கியிருக்கப் போறாங்க?"

அப்படித்தான் ஷரஃபுதீனின் ஜீப்பில் ஏறி அவள் வீடு வீடாகப் போகத் தொடங்கினாள்.

முதல் வீடு மந்தைவெளியில். பாங்கில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். வாசலுக்கே வந்து உட்கார வைத்து காபி கொடுத்தார். பிறகு பால்கனிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கூரையிலிருந்து ஒரு மண்சட்டி தொங்கியது. அதில் வெறும் உமி.

"குருவி இனமே அழிஞ்சுண்டு வரதுன்னு படிச்சேன். அதான் உங்க நெல்லைப் போட்டேன். என்னமா சாப்பிடறது தெரியுமோ?"

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தவை புறாக்கள். மந்தைவெளியில் குருவி ஏது? ஜொவிட்டா அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? காபி நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

தி. நகரில் மாளவிகா என்ற பெண் கைவினை வகுப்பு நடத்துகிறாள். அவள் நெல்லைப் பசை போட்டு அட்டையில் ஒட்டி அழகாக ஒரு மயில் செய்து வைத்திருந்தாள். தோகைக்கு மட்டும் பச்சைச் சாயம் பூசியிருந்தாள். வேண்டுமானால் மயிலையே எடுத்துக்கொண்டு போங்கள் என்று மனப்பூர்வமாகச் சொன்னாள். மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய ஒரு வீட்டில் நெல் அப்படியே இருந்தது, ஒரு மணி குறையாமல். பார்த்ததும் ஜொவிட்டாவுக்கு உயிர் வந்தது. ஆனால் அது சுவாமி படத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டில் இருந்தது.

"விஜயதசமிக்குப் பேரனுக்கு அக்ஷராப்பியாசம் வெச்சிருக்கோம். சுவாமிகிட்ட வெச்சுட்டு எடுக்கப்படாது," என்றார் அந்த வீட்டுக்காரர். "அது முடிஞ்சதும் நானே கொண்டுவந்து தரேன்."

"அதுக்குள்ள விதைக்கற நாள் போயிடும் சார்."

"குழந்தை படிப்பு விஷயம் பாருங்கோ," என்று அவர் கையைக் கூப்பினார். கை கூப்பியவரிடம் என்ன சண்டை போடுவது?

கொடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. சாந்தோமில் ஃப்ளோரா டீச்சர் பையை ஸ்கூட்டர் டிக்கியிலிருந்தே எடுக்க மறந்திருந்தார். அடையாறில் ஒருவர் பீரோ மேல் தூக்கிப் போட்டவர் அதைப் பிறகு தொடவே இல்லை. இந்த அலைச்சலில் ஜொவிட்டா ஒன்று தெரிந்துகொண்டாள். அலட்சியமாக இருந்தவர்களிடம்தான் விதை இருந்தது. மரியாதை செய்தவர்கள் எல்லாம் அதைச் செலவழித்துவிட்டிருந்தார்கள். டச்சுக்காரரின் பையை விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டிருப்பார்கள், அனுமதி இல்லாமல் விதையை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. ஆக, அந்தக் கண்ணீரும் வீண்.

நான்கு நாள் அலைந்ததில் பதினெட்டுப் பைகள் தேறின. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி, எந்த வீடு என்று எழுதி, மயிலாப்பூரில் டைரக்டர் வீட்டு வரவேற்பறையின் ஓரமாக வைத்தாள். ஊருக்கு நடுவில் இருக்கிறது, வந்து போக வசதி என்று அவர்தான் சொன்னார். ஐந்து ஏக்கரில் அரை ஏக்கருக்குச் சொச்சம்தான் ஆகும். ஆனாலும் அவள் கையால் பார்த்து வாங்கிய நெல். சந்தேகம் இல்லாத நெல். தூங்கப் போகும்போது அதை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டைரக்டரின் மனைவி விசாலாக்ஷி மாமி அழுதுவிட்டாள்.

"நான்தாம்மா இதுக்கெல்லாம் காரணம். என் வாயை வெச்சுண்டு சும்மா இருந்திருக்கலாம். நீ இனிமே அலையவேண்டாம். வந்தவா முக்காவாசிப் பேர் எனக்குத் தெரிஞ்சவாதான். நானே போன் போட்டு வாங்கித் தரேன். எனக்காகச் செய்வா."

"மாமி, ஒண்ணே ஒண்ணு. வர்ற பைங்களைப் பிரிக்காதீங்க. கட்டினது கட்டினபடி இருக்கட்டும். யாராவது இல்லைன்னா பரவாயில்லை, விட்டுடுங்க. வற்புறுத்தாதீங்க."

"சரி சரி. எனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று ஜொவிட்டாவுக்கு உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் அழுதுகொண்டிருக்கிற பெரியவளிடம் இன்னொரு முறை எப்படிச் சொல்வது என்று பேசாமல் வந்துவிட்டாள். கிண்டியில் லாரி ஆபீசுக்குப் போய் வேதாரண்யத்துக்கு இடம் பிடித்து வைத்தாள். பேச்சியம்மாளுக்குப் போன் செய்து, கொஞ்சம் தாமதம், வந்துவிடும் என்றாள். புரட்டாசி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அதற்கு நான்காம் நாள் காலையில் மாமி கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எல்லாம் வந்துடுத்து, வண்டியோடு வா என்றாள்.

ஜொவிட்டா போனபோது வரவேற்பறையில் மூன்று புதுச் சாக்குகள் வாய் தைக்கப்பட்டு நின்றன. ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. மாமியின் சங்கீத சிநேகிதிகள் இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் உதவி செய்தவர்கள். ஸ்ரீரங்கன் கையில் காபியோடு எழுந்து வந்து, "பார்த்தியா, நம்ம மயிலாப்பூரை," என்றார்.

"பைங்கள்லாம் எங்க மாமி?"

"அது ஒண்ணு ஒண்ணா எதுக்கு? ஒண்ணுல வண்டு இருந்தது, இன்னொண்ணுல தேங்காய் நார். மொட்டைமாடியில வேஷ்டியை விரிச்சுக் கொட்டி, ரெண்டு வெயில் காயவெச்சு, நாங்க மூணு பேருமா உக்காந்து புடைச்சுட்டோம். இடுப்பு விட்டுப்போச்சு போ. ஒரு தூசி தும்பு இருக்காது."

"நான் கட்டி வெச்சிருந்த பதினெட்டு?"

"அதையும் சேர்த்துக் கொட்டிட்டேன். அதை மட்டும் தனியா வெப்பானேன்?"

ஜொவிட்டா சாக்குகளை மறுபடி பார்த்தாள். ஒருவேளை பயப்பட ஒன்றும் இல்லையோ என்னவோ. எல்லோரும் அவரவர் வாங்கிப்போன நெல்லையே கொடுத்திருந்தால், கலந்தாலும் அது ஒரே நெல்தான். ஷரஃபுதீனை அழைத்து ஜீப்பிலிருந்து தராசை எடுத்துவரச் சொன்னாள். ஒவ்வொரு சாக்காக மாட்டினார்கள். ஷரஃபுதீன் அளவைச் சொல்லச் சொல்ல அவள் மனத்துக்குள் கூட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது சாக்கை இறக்கியதும் மறுபடி ஒருதரம் மாட்டச் சொன்னாள். மொத்தம் எழுபத்தொன்பது கிலோ.

"ஒரு பிடிகூடக் குறையலை பாரு," என்றாள் மாமி.

"கூடியிருக்கு மாமி."

மாமி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிநேகிதிகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"மந்தைவெளி பாங்க்காரர் வீட்டுல புறா தின்னுடுச்சே. என் கண்ணால உமியப் பாத்தேனே. அவர் எதைக் குடுத்தாரு?"

"அவர்தான் முதல்ல கொண்டுவந்து குடுத்தார், பாவம். முட்டிவலியோட ஆட்டோ பிடிச்சு வந்தார். அந்தப் பொம்மை பண்ற பொண்ணு மாளவிகா, அது ஒரு கிலோவாவே குடுத்துட்டுப் போச்சு."

"எங்கேர்ந்து மாமி?"

மாமிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "ஒருத்தர் ஆத்துக் காரியத்துக்குக் கேக்கறச்சே இல்லைன்னு எப்படிச் சொல்லுவா? ஒரு டம்ளர் சக்கரை கடன் வாங்கினாலே திருப்பித் தரப்போ கோபுரமாத்தானே தருவோம். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் யாராத்துல உண்டு? இருக்கறவா இருந்ததைக் குடுத்தா. இல்லாதவா வாங்கிக் குடுத்திருப்பா. நல்ல மனசுதானேம்மா?"

நல்ல மனசுதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்றுதான் முதலில் தாம்பூலப் பையில் கொடுத்தார்கள். வெறுங்கையோடு திருப்பக்கூடாது என்றுதான் இப்போது கடையில் வாங்கி நிரப்பியிருக்கிறார்கள். இந்த மரியாதைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருடத்து விதை வெறும் நெல்லாகிவிட்டது.

ஜொவிட்டா படியிறங்கினாள். ஷரஃபுதீனை ஜீப்பைக் கோயில் குளத்தின் பக்கம் விடச் சொன்னாள். பூஜைச் சாமான் கடையில், கட்டுக் கட்டாய்த் தர்ப்பைக்கும் விபூதி மூட்டைக்கும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறைய நெல் இருந்தது. கடைக்காரர் உற்சாகமாக இருந்தார்.

"இந்த வாரம் இன்னா விசேஷம்னே தெரியல மேடம். வர்ற மாமிங்கள்லாம் நெல்லு கீதா, நெல்லு கீதான்னு கேட்டுக்கினே கீறாங்க. முந்தாநேத்தே தீந்துபோய் மறுபடி சரக்கு எறக்கினேன்."

"இது என்ன ரகம்?"

"நெல்லு மேடம். ரகமெல்லாம் யாரு கேக்குறாங்க?"

ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். அதே நீளம், அதே வைக்கோல் நிறம். அவளாலேயே கண்ணால் பிரிக்க முடியவில்லை. அவளால் முடியாது என்றால் இந்த ஊரில் வேறு யாராலும் முடியாது. நெல்லைத் தொட்டியில் திரும்பப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினாள். ஆத்திரம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மாமிமேல் கோபப்படலாம் என்றால் அவள் இரண்டு வெயில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

போன் அடித்தது. ஸ்ரீரங்கன்.

"விசாலாக்ஷி சொன்னா. கலந்துடுத்துன்னு நினைக்கறே, அதானே? நான் ஒண்ணு சொல்றேன், பதட்டப்படாம கேளு. பேசாம ஏத்தி அனுப்பிடு. உப்பு மண்ணுலதானே போடப்போறா? கடை நெல்லெல்லாம் செத்துடும், உன்னது மட்டும் நிக்கும். உப்பே பிரிச்சுக் குடுத்துடும். நீ தொட்டியில பண்றதும் அதுதானே?"

கெட்டிக்காரர். அவர் சொன்னதில் விஞ்ஞானம் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

"அது தொட்டி இல்ல சார், அவங்க வயலு. தொட்டியில செத்தா எனக்கு ஒரு கணக்கு. அங்க செத்தா பத்து குடும்பத்துக்கு வருஷம் போச்சு. எத்தனை பங்கு கடை நெல்லுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. பாதி வயல் கருகி நின்னா பாக்கறவங்க கடை நெல்லு செத்துதுன்னு சொல்ல மாட்டாங்க. உப்பு நெல்லும் சாகுதுன்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் அந்தக் கடலோரத்துல ஒருத்தரும் இந்த நெல்லைத் தொட மாட்டாங்க."

"அதுக்காக, ஒண்ணுமே அனுப்பாம இருந்தா மட்டும் நிலம் நிக்குமா?"

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, தைரியம் போவதற்குள் பேச்சியம்மாளுக்குப் போன் போட்டாள்.

"என்ன டாக்டரம்மா, ஏத்தியாச்சா? ராவுல எறங்கிடுமா? நாலு பேர வரச்சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏத்தல அக்கா."

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தாம்பூலப் பையையும் புறாவையும் மயிலையும் மொட்டைமாடி வேஷ்டியையும் சொன்னாள். சொல்லும்போது அது ஒரு வேடிக்கைக் கதையைப் போல இருந்ததில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. பேச்சியம்மாளின் பக்கம், தூரத்தில் இறால் குட்டைகளுக்குத் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாங்கிட்டுப் போனவங்க எல்லாருமே திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"ஆமாக்கா. குடுத்ததுக்கு மேலயே குடுத்துட்டாங்க."

"நல்ல சனங்கதான் போ," என்றாள் பேச்சியம்மாள். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். அதைத்தான் ஜொவிட்டாவால் தாங்க முடியவில்லை.

"கலந்ததயே அனுப்பட்டுமா அக்கா? டைரக்டர் அனுப்பச் சொல்றாரு. பாதி நிக்கலாம். நிக்காமலும் போவலாம். நீங்க சொல்லுங்க."

"நீ போடச் சொல்றியா?"

சரி என்று ஜொவிட்டா ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்கள் விதைத்துவிடுவார்கள், அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை அவளால் சொல்ல முடியவில்லை.

"அப்ப வேணாம்," என்றாள் பேச்சியம்மாள். "மறுபடி பண்ண எத்தினி நாளாவும்?"

"மூணு வருஷம்."

"மூணு வருஷம் குட்டைங்களுக்கு நடுவுல வெறும் நெலத்த வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்க முடியாது டாக்டரம்மா. எனக்காவத்தான் மத்தவளுங்க இம்புட்டு நாளும் பொறுத்தாளுவ. அந்த இறால் கம்பெனிக்காரன் நாளைக்கு வர்றான். கையெழுத்துப் போட்டுடறோம்."

"அக்கா, நான் வந்து அவங்ககிட்ட பேசட்டுமா?"

"வந்து என்னா சொல்லப் போற? நீ மனசக் கஷ்டப்படுத்திக்காத. பண்ண வேண்டியத பண்ணு. மூணு வருஷத்துல எப்படியும் நீ நெல்ல ஆக்கிடுவ, எனக்குத் தெரியும். அதுக்குள்ள, அதைப் போடறதுக்கு எங்கயாவது நெலம் மிச்சமிருக்கான்னு பாத்து வெச்சுக்க."

பேச்சியம்மாள் போனை வைத்த பிறகும் ஜொவிட்டா அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே போக வேண்டும் என்று ஷரஃபுதீன் இரண்டு தடவை கேட்டார்.